பசிக்கிறது என்று சொல்லப் பழகிய மாதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் தனக்குப் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போனால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பதாங்க சாப்பிட்டேன்" என்று சொல்லவேண்டும். அவர்கள் அதை நம்பமாட்டார்கள். மறுபடியும் கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்று சொல்லவேண்டும். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டுத் தட்டைக் கையில் திணிப்பார்கள். அப்போது உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த விளையாட்டு அது. யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள், யாருக்கும் மரியாதை குறையாது.

இந்த விளையாட்டு மற்ற ஊர்களில் இல்லை என்பது எனக்கு ஸ்பெயினில்தான் தெரிந்தது.

ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹட்டனில் பஸ் ஏறியவன் பல வருஷம் எங்கும் நிலையாக நிற்கவில்லை. கொழும்பில் பாத்திரம் கழுவினேன், கட்டாரில் சீமெந்து சுமந்தேன், அங்கிருந்து சுற்றிச் சுற்றி ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். போன வழி நல்ல வழியில்லை, அதை விட்டுவிடுவோம். அங்கேயும் பாத்திரம்தான் கழுவினேன். முதல் நாள் சமையல்கார அம்மா என்னைப் பார்த்து, "தியேனெஸ் ஆம்ப்ரே?" என்று கேட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பசிக்கிறதா என்கிறார் என்று புரிந்தது. நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, இல்லை என்றேன். சரி என்று தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே. என்ன கல் நெஞ்சு இவளுக்கு என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த அம்மா நான் சொன்னதை நம்பிவிட்டார். அதற்கு முன்னால் என் "வேண்டாம்" என்ற சொல்லை உலகத்தில் யாரும் நம்பியதே கிடையாது.

அந்தச் சமையலறையில் ஆட்கள் வேலைக்கு உள்ளே நுழையும்போதே சொல்லிக்கொண்டு வருவார்கள். குளிருது, தூக்கம் வருது, தலை வலிக்குது, இன்றைக்கு மனசு சரியில்லை. எங்கள் பக்கம் ஒருத்தன் அப்படி வந்தால், "யார்கிட்டடா சொல்ற, ஆஸ்பத்திரின்னு நெனச்சியா?" என்று கேட்டுவிடுவார்கள். அங்கே கேட்டவர்கள் தலையசைத்தார்கள், குளிருகிறவனுக்கு ஒரு காப்பி கொடுத்தார்கள், வேலையைப் பார்த்தார்கள். நானும் மெல்லப் பழகினேன். அந்த மொழியில் நான் படித்த முதல் பாடமே இதுதான். இலக்கணமெல்லாம் இன்றைக்கும் எனக்கு வராது. ஆனால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்று சொல்ல வரும்.

பிறகு விசா இல்லை என்று பிடித்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்றை எடுத்து, தங்கும் விடுதியாக நடத்திக்கொண்டிருந்தார் ஒரு ஸ்பெயின்காரர். கண்டிப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய ஊர் ஆட்கள் வந்து தங்குவார்கள், தேயிலைக்குள்ளே நடக்க ஆசைப்படுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. நடப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது லயத்தில் யாரும் நம்பவில்லை.

அங்கே மாடியில் அவருடைய தாயார் இருந்தார். அவரை எல்லோரும் பெரிய துரைசாணி என்றார்கள். கணவர் செத்த பிறகு மகன் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டது, நாற்காலியும் கட்டிலும்தான். ஸ்பானிஷைத் தவிர ஒரு சொல் தெரியாது. கூட இருந்து பார்த்துக்கொள்ள முன்னால் வந்த பெண்களுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. குளிருது என்று சொன்னால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டார்கள். மகன் என்னிடம் கேட்டார், "அம்மாவுக்கு எங்கே வலிக்குது, பசிக்குதா, குளிருதா, இதை மட்டும் புரிந்துகொள்கிற ஒரு ஆள் கிடைக்குமா?"

எனக்கு உடனே தங்கச்சி ஞாபகம் வந்தது.

அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது முழங்கால் சரியில்லை. செங்குத்தான மலைக்கு ஏற முடியாது. புருஷன் கொழும்பில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான், அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஒரு சின்ன மகள், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அதனால் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவு செய்து, ஹட்டனில் ஒரு ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தாள். மெடிக்கலும் முடிந்துவிட்டது. டிக்கட் வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஓர் இடத்தில் நிற்காத என்னிடம் பிள்ளையை விட்டுப்போக அவள் தயங்கியதில் நியாயம் இருந்தது.

பங்களா வேலை கிடைத்தால் எங்கும் போகவேண்டாம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் போய், பின்னேரம் திரும்பி வந்துவிடலாம். மகன், "ஒரு மாதம் பார்ப்போம், அம்மாவுக்குப் பிடித்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

பாடத்தை ஆரம்பித்தோம். எழுத்தெல்லாம் இல்லை, பேச்சுதான். அவள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு இறங்குகிற பாதையில் நான் கூடவே நடந்து சொல்லிக்கொடுப்பேன்.

"தெங்கோ ஆம்ப்ரேன்னா பசிக்குது. தெங்கோ ஃப்ரீயோன்னா குளிருது. தெங்கோ சுவேன்யோ, தூக்கம் வருது."

"எல்லாத்துக்கும் தெங்கோவா?"

"தெங்கோன்னா என்கிட்ட இருக்குன்னு அர்த்தம். என்கிட்ட பசி இருக்கு, என்கிட்ட குளிர் இருக்கு."

"அப்ப அந்த ஊர்ல பசிய கையில புடிச்சி வச்சிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, வெறுங்கையை மூடி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தாண்ணே, எடுத்துக்க. எனக்கு வேணாம்."

களைப்புக்கும் கவலைக்கும் வேறு சொல். எஸ்தோய் கன்சாதா, களைச்சிருக்கேன். எஸ்தோய் திரிஸ்தே, கவலையா இருக்கேன். அதில் "எஸ்தோய்" என்பது இப்போதைக்கு இப்படி இருக்கிறேன் என்கிற மாதிரி. நாளைக்கு மாறிவிடும். அந்தச் சமையல்கார அம்மா இதை எனக்கு விளக்கியபோது நான் மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்கப்போகிற நிலையில் இருந்தேன். ஆறுதலாக இருந்தது. அதைத் தங்கச்சியிடம் சொன்னேன். "நல்ல பாஷதான்" என்றாள்.

வலிக்கு "மெ துவேலெ" என்று சொல்லிக்கொடுத்தபோது மட்டும் அவளுக்குத் திருப்தி இல்லை.

"குத்துதுன்னா?"

"மெ துவேலெ."

"கடுக்குதுன்னா? ஒளையுதுன்னா? எரியுதுன்னா?"

"மெ துவேலெதான். வேற சொல்லும் இருக்கும், எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

"பாவம் அவங்க" என்றாள்.

இதிலும் "ங்க" போடுகிற முறை உண்டு என்று சொன்னேன். பெரியவர்களிடம் கேட்கும்போது "தியேனெஸ்" என்று கேட்கக்கூடாது, "தியேனெ" என்று கேட்கவேண்டும். அது அவளுக்கு உடனே பிடித்துப்போனது. "தியேனெ ஆம்ப்ரே? தியேனெ ஃப்ரீயோ?" என்று பாதையோரத் தேயிலைச் செடிகளையெல்லாம் மரியாதையாக விசாரித்துக்கொண்டே நடந்தாள்.

முதல் வாரம் நன்றாகப் போனது. நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வரும்போது மாடி ஜன்னலில் பேச்சுச் சத்தம் கேட்கும். பெரிய துரைசாணி குளிருது என்றால் கம்பளி வந்தது. முழங்கால் வலிக்குது என்றால் தங்கச்சி தைலத்தைச் சூடாக்கித் தேய்த்தாள். அவள் தேய்க்கிற கையைப் பார்த்துத் துரைசாணி, "இவளுக்கு இந்த வலி தெரியும்" என்று மகனிடம் சொன்னாராம். வேலை நிச்சயம் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன்.

அப்புறம் துரைசாணி பதிலுக்குக் கேட்க ஆரம்பித்தார்.

பகல் சாப்பாடு வந்தால், "தியேனெஸ் ஆம்ப்ரே?" என்று கேட்டுத் தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டைக் காட்டுவார். தங்கச்சி, "நோ, நோ" என்பாள். பிறகு சமைக்கிற குசினிப் பக்கம் போய், கொண்டுவந்த ரொட்டியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பாள். மழையில் நனைந்து வருவாள். "குளிருதா?" என்று கேட்பார். "நோ." களைப்பா? "நோ." எப்படி இருக்கிறாய்? "எஸ்தோய் பியென்." நன்றாக இருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஒரு நாள் காலையில் நல்ல மழை. பாதை சறுக்கி அவள் அதே முழங்காலில் விழுந்திருக்கிறாள். மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போனாள். துரைசாணிக்கு நாற்காலியிலிருந்தே படி தெரியும். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே வந்ததும் முழங்காலைக் காட்டி, "தெ துவேலெ?" என்று கேட்டார். வலிக்கிறதா?

"நோ" என்றாள் தங்கச்சி.

அப்போது முழங்காலிலிருந்து ரத்தம் இறங்கிச் செருப்புவரை வந்திருந்தது.

துரைசாணி கையிலிருந்த கரண்டியை மேசையில் போட்டார். அன்றைக்கு அதற்கப்புறம் அவரிடமிருந்தும் அதே பதில்தான். குளிருதா என்று தங்கச்சி கேட்டால், "நோ." வலிக்குதா? "நோ." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நோ, நோ, எஸ்தோய் பியென்" என்று அவளைப்போலவே சொல்லிக் காட்டினாராம்.

பின்னேரம் மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். சொல்வதற்குச் சங்கடப்பட்டார்.

"அம்மா இந்தப் பெண் வேண்டாம் என்கிறார்."

"ஏன்? நல்லாத்தானே பார்க்கிறாள்?"

"பொய் சொல்கிறாளாம். தன் உடம்பைப் பற்றியே பொய் சொல்கிறவளிடம் என் உடம்பை எப்படி ஒப்படைப்பேன் என்று கேட்கிறார்." நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "சனிக்கிழமையோடு மாதம் முடிகிறது. அன்றைக்கு அம்மாவிடம் கடைசியாகக் கேட்கிறேன். அதற்குமேல் என்னால் வற்புறுத்த முடியாது."

அதே பின்னேரம் ஏஜென்டும் தங்கச்சியைப் போனில் கூப்பிட்டிருந்தான். டிக்கட் வந்துவிட்டது, திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றானாம்.

லயத்துக்கு இறங்குகிற பாதையில் மகன் சொன்னதைத் தங்கச்சியிடம் சொன்னேன். நின்றுவிட்டாள்.

"பொய்யா? நானா? என்னா பொய் சொன்னேன்?"

"பசிக்கலன்னு சொன்னியே."

"அது பொய்யா? அது மரியாதண்ணே! கேட்டவொடனே ஆமா பசிக்குதுன்னு ஒக்காந்து திங்கிறதுக்கு நான் என்னா அலஞ்சவளா?"

"காலு வலிக்கலன்னும் சொன்னியே. ரத்தம் வடிஞ்சிதாம்."

"வலிக்குதுன்னு சொன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவள் எங்கே படித்தாள் இதை என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் படித்தேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்கு அனுப்புகிற இடத்தைப் பெரட்டு என்போம். பெரட்டில் காய்ச்சல் என்று சொன்னால், அப்படியானால் போய்ப் படு என்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வழக்கம் அதுதான். ஆனால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் காய்ச்சலோடு நிற்கிறவளைக் கங்காணி என்னவென்று கேட்டால், "ஒன்னுமில்லங்க" என்பாள். எங்கள் லயத்தில் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போதே பிடித்துக்கொள்கிற சொல் அது.

எங்கள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் எத்தனை நாளாக வலிக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலியில்லை என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? எனக்கும் அவள் சொன்னதில்லை.

பாதையில் நின்றுகொண்டு இதையெல்லாம் பேசவில்லை. இருவருக்கும் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

"அந்த ஊர்க்காரங்க நம்ம சொல்றத அப்பிடியே நம்புவாங்க" என்றேன். "நீ இல்லன்னா இல்ல. ஆமான்னா ஆமா. ரெண்டாந்தரம் கேக்கமாட்டாங்க. உண்மையச் சொன்னாதான் அவங்களுக்கு மரியாத."

"அப்ப இத்தன நாளும் எனக்குக் கேக்கத்தான் சொல்லிக்குடுத்த. சொல்லச் சொல்லிக்குடுக்கல."

அது சரிதான். பசிக்குது, குளிருது, வலிக்குது என்று எல்லாச் சொல்லும் அவளுக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் துரைசாணியிடமிருந்து வருகிற சொற்கள் என்றே இருவரும் நினைத்திருந்தோம். அவள் வாயிலிருந்து போகவேண்டிய சொற்கள் என்று நினைக்கவே இல்லை. அங்கே பட்டினி கிடந்து படித்த நானே ஊருக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

"இப்ப சொல்லு" என்றேன். "எப்பிடி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"காலு?"

"பரவால்ல."

"தங்கச்சி."

"எனக்கு வெக்கமா இருக்குண்ணே" என்றாள். பிறகு தானே சிரித்தாள். "இந்தா, ஒன்னு சொல்லிட்டேன்ல?"

தமிழில் அதற்குமேல் வரவில்லை. மறுநாள் ஏஜென்டிடம் ஏதோ கையெழுத்துப் போட ஹட்டனுக்குப் போனோம். பஸ்ஸில் நல்ல கூட்டம், அவளுக்கு மட்டும் சீட் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வளைவில் திடீரென்று என்னை நிமிர்ந்து பார்த்து, "மெ துவேலெ லா ரொதீயா" என்றாள். முழங்கால் வலிக்குது. சுற்றிலும் இருந்த ஒருவருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "தெங்கோ ஆம்ப்ரே" என்றாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "எஸ்தோய் கன்சாதா!" பூட்டியிருந்த ஏதோ ஒன்று திறந்த மாதிரி அடுத்தடுத்து வந்தது. தூக்கம் வருது, குளிருது, தாகமா இருக்கு, கவலையா இருக்கு, பயமா இருக்கு. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன பாஷம்மா இது, மலையாளமா?" என்று கேட்டார்.

"ஸ்பெயின் பாஷ நானா."

"என்ன சொல்றீங்க அதுல?"

தங்கச்சி யோசித்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன்.

"பசிக்குதுன்னு சொன்னேன்" என்றாள், தமிழில்.

"அதுக்கு ஏம்மா ஸ்பெயினுக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டு நானா பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பக்கட்டை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வாங்கிக்கொண்டாள். பஸ் இறங்குவதற்குள் தின்று முடித்துவிட்டாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. நான் கேட்கவில்லையாம்.

சனிக்கிழமை வந்தது. பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல மகன் என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. துரைசாணி நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார், தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள்போல. தங்கச்சி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள், பெரட்டில் நிற்கிற மாதிரியே, கையைக் கட்டிக்கொண்டு.

"கோமோ எஸ்தாஸ்?" என்று கேட்டார் துரைசாணி. எப்படி இருக்கிறாய்? கேட்ட தோரணையிலேயே பதில் தனக்குத் தெரியும் என்பது இருந்தது.

தங்கச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவள் இப்போது "எஸ்தோய் பியென்" என்று சொன்னால் அடுத்தது விமானம்தான் என்று நினைத்தேன். மகன் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெங்கோ ஆம்ப்ரே" என்றாள் தங்கச்சி.

துரைசாணி தலையைத் தூக்கினார்.

"மெ துவேலெ லா ரொதீயா. மூச்சோ." ரொம்ப வலிக்குது. அந்த "மூச்சோ" நான் சொல்லிக்கொடுக்காதது. அந்த அறையிலேயே கேட்டுப் பிடித்திருக்கிறாள். "தெங்கோ ஃப்ரீயோ." நிறுத்தினாள். கட்டியிருந்த கையை எடுத்தாள். "தெங்கோ மியேதோ."

பயமாக இருக்கிறது.

"எதற்குப் பயம்?" என்றார் துரைசாணி. குரல் தாழ்ந்திருந்தது.

அதற்கு அவளிடம் சொல் இல்லை. என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுண்ணே. புள்ளைய விட்டுட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஊருக்குப் போகணுமேன்னு பயமா இருக்கு. இங்க வேல இல்லன்னா போய்த்தான் ஆகணும். அதான் கேட்டதுக்கெல்லாம் ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னு சொன்னேன். நோவு இருக்குன்னு தெரிஞ்சா நிறுத்திருவாங்கன்னு நெனச்சேன். அவங்கள ஏமாத்தணும்னு இல்ல. அப்பிடியே சொல்லு, கூட்டாத, கொறைக்காத."

அப்படியே சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கூட்டிச் சொல்ல வழியும் இல்லை.

துரைசாணி பக்கத்து நாற்காலியைத் தட்டினார். தங்கச்சி போய் அதன் நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார் என்று கையால் காட்டினார், உட்கார்ந்தாள். தன் கம்பளியின் ஒரு பாதியை இழுத்து அவள் முழங்காலின் மேல் போட்டார். பிறகு மகனைப் பார்த்து, "அங்கே என்ன நின்றுகொண்டிருக்கிறாய்? இவளுக்குப் பசிக்கிறதாம், சூப் கொண்டுவா" என்றார். அவர் இரண்டடி வைத்ததும் மறுபடி கூப்பிட்டார்.

"நில். நானும் ஒன்று சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் குளிருகிறது. இந்த அறைக்கு வெயிலே வருவதில்லை. நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், நீ ஆசையாகத் தயார் பண்ணிய அறை என்று."

மகன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். "அம்மா, ஏன் சொல்லவில்லை?"

"இவள் ஏன் சொல்லவில்லையோ அதற்குத்தான்."

இதை நான் தமிழில் சொன்னதும் தங்கச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. "அப்ப அவங்களும் நம்ம லயம்தான்" என்றாள். அதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. துரைசாணிக்கு அது தேவைப்படவும் இல்லை, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சூப் வந்தது. தங்கச்சி ஒரு தட்டு குடித்தாள். இன்னும் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டும் என்றாள்.

அடுத்த வாரம் பங்களா ஆட்கள் கட்டிலைக் கிழக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அங்கே காலை வெயில் கட்டில்வரை வரும். அதைப் பார்க்கத் தங்கச்சியும் அங்கே இருந்தாள், வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சனிக்கிழமையே பாதையில் இறங்கும்போது அவள் ஏஜென்டைக் கூப்பிட்டாள். அவன் கத்தியது பக்கத்தில் நடந்த எனக்கும் கேட்டது. டிக்கட் போட்ட பிறகு இப்படிச் சொல்லலாமா, உனக்கு என்ன பிரச்சினை, யாராவது ஏதாவது சொன்னார்களா? அவள் வழக்கம்போல ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பாள் என்று பார்த்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை, அண்ணன் விடமாட்டேன் என்கிறார், இப்படி.

"எனக்குப் போக விருப்பம் இல்லங்க" என்றாள். அவன் மறுபடி கத்தினான். "இல்லங்க, வேற ஒன்னும் இல்ல. எனக்கு விருப்பம் இல்ல. பாஸ்போட்ட வந்து வாங்கிக்கிறேன்." போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். முழங்காலை இழுத்துத்தான் நடந்தாள், ஆனால் நான் பார்க்கிறேன் என்று நிமிர்ந்துகொள்ளவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "நீ எப்பிடிண்ணே இருக்க?"

ஒன்னுமில்ல என்று நாக்கு நுனிவரை வந்தது.

"எங்கயாவது போகணும் போல இருக்கு" என்றேன். "ஒரே எடத்துல ரொம்ப நாள் இருந்துட்டேன். உள்ளங்காலு அரிக்குது."

அவள் அதற்கு ஆச்சரியப்படவில்லை. "தெரியும். மொகத்துல எழுதி ஒட்டியிருக்கு" என்றாள். "போயிட்டு வா. இனிமே புள்ளைய யார்கிட்ட விடுறதுன்னு கவல இல்ல. ஆனா இன்னிக்குப் போகாத."

"ஏன்?"

"இன்னிக்கு நீதான் சமைக்கணும். எனக்குக் காலு வலிக்குது, சூப்பு எந்த மூலைக்கு? பசிக்குது."

லயத்து வாசலில் அவளுடைய மகள் எங்களைப் பார்த்து ஓடிவந்தாள். அடுப்பைப் பற்றவைத்தேன்.